கணக்குப் புத்தகம் கப்பலேறிய கதை

பன்னாட்டு வேளாண் வியாபார நிறுவனங்கள் ஒரு தேசத்தின் விளைபொருளை மறு தேசத்திலுள்ள தம் சொந்தக் கிளைக்கே விற்றதாக எழுதிக்கொள்ளும் விலைக்குப் பரிமாற்ற விலை என்று இன்று பெயர். அதன் சரித்திரத்தை அறிய விரும்புவோர் அர்ஜென்டினாவின் மாட்டிறைச்சி வியாபாரத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

லிவர்பூலைச் சேர்ந்த வில்லியம், எட்மண்ட் என்னும் வெஸ்டி சகோதரர்கள், யுத்தகால வருமான வரிக்கு உடன்படாமல் 1915-இல் இங்கிலாந்தை விட்டு வெளியேறிப் பின்பு ப்யூனஸ் அயர்ஸில் வாசம்செய்தவர்கள். மாடறுக்கும் ஆங்லோ ஆலை, இறைச்சியைச் சுமக்கும் ப்ளூ ஸ்டார் கப்பல்கள், லண்டனில் அதை இறக்கி வைக்கும் குளிர்பதனக் கிடங்குகள், கடைசியில் அதை நிறுத்து விற்கும் கசாப்புக் கடைகள் ஆகிய யாவும் அக்குடும்பத்தின் உடைமையாக இருந்தமையால், சரக்கு கைமாறிய இடந்தோறும் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே ஆயினர். ஆலை தன் இறைச்சிக்குக் குறைந்த விலை எழுதினால் அர்ஜென்டினாவில் இலாபம் சுருங்கும், வரியும் சுருங்கும். மாடு வளர்த்தவரிடமும் இதற்குமேல் கட்டுப்படியாகாது என்று கையை விரித்துவிடலாம்.

1933-இல் பிரிட்டனோடு ஏற்பட்ட ரோக்கா–ரன்சிமன் ஒப்பந்தம் இறைச்சி ஏற்றுமதியில் 85 சதவீதத்தை அந்நிய ஆலைகளுக்கே ஒதுக்கிற்று. மறு வருஷம், சாந்தா ஃபே மாகாணத்தின் செனட்டர் லிசாந்த்ரோ தெ லா தோர்ரே விசாரணை கோரினார். ஆலைகள் கணக்கைக் காட்ட மறுத்தன. ஆனால் நார்மன் ஸ்டார் என்ற வெஸ்டி கப்பல் துறைமுகத்தில் சோதிக்கப்பட்டபோது, மேலே ‘கார்ன்ட் பீஃப்’ என்று எழுதியிருந்த பெட்டிகளுக்குள் இறைச்சி இல்லை. தேசத்தை விட்டுப் புறப்படவிருந்த ஆங்லோவின் கணக்குப் பத்திரங்களே இருந்தன.

1935 ஜூலை 23 அன்று, மந்திரிகளோடு செனட் சபையில் வாக்குவாதம் முற்றிக் கைகலப்பான வேளையில், தெ லா தோர்ரேயின் நண்பரும் சீடருமான என்சோ போர்தாபெஹேரே சபைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு குடியரசின் பிரதிநிதி, ஆலையின் கணக்கைக் காட்டுமாறு கேட்டதற்கு இத்தகைய விலை கொடுக்க நேர்ந்ததை என்னால் சமாதானத்தோடு வாசிக்க இயலவில்லை.

அதே வருஷங்களில் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் வரி நிபுணர்கள், ஒரே நிறுவனத்தின் கிளைகளுக்குள் நடக்கும் விற்பனைக்கு அந்நியர் இருவர் பேசி முடிக்கும் விலையே பிரமாணம் என்று வகுத்தார்கள். நியாயமான விதிதான். ஆயினும் சந்தை முழுவதும் சில ஆலைகளின் கையில் அடங்கியபின், ஒப்பிட்டுப் பார்க்க அந்த அந்நியர் இருவரை எங்கே தேடுவது? தானிய ஏற்றுமதியில் இதே சங்கடத்தைக் கண்ட அர்ஜென்டினா, 2003-இல், இடைத்தரகு நிறுவனத்தின் பெயரில் சரக்கு போனாலும் கப்பலில் ஏற்றிய நாளின் சந்தை விலையைக் கொண்டே வரி கணக்கிடலாம் என்று சட்டம் இயற்றியது.