வெயில் எழுதிய கணக்கு

நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில் அதன் மொட்டை மாடியில் ஒரு கண்ணாடிப் பந்தைக் கண்டேன். பெரிய சாத்துக்குடியின் அளவிருக்கும். உலோகக் கிண்ணத்தில் அமர்ந்திருந்த அதன் பின்னால் அட்டையொன்று செருகப்பட்டிருந்தது. பௌதிகச் சாலையின் உதவியாளர் மாலைதோறும் மாடியேறி அதை மாற்றுவார். அட்டையில் கரிந்த கோடு ஒன்று ஓடியிருக்கும், இடையிடையே அறுந்துமிருக்கும். "மேகம் மறைத்த நேரம் இது, தம்பி" என்று அறுந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவார்.

மேகங்களுக்குப் பெயரிடும் முயற்சி இதற்கு முந்தியது. லண்டனில் மருந்துத் தொழில் நடத்திய லூக் ஹோவர்டு, 1802-இல் கீற்று, திரள், படலம் என்ற பொருள்பட சிரஸ், குமுலஸ், ஸ்ட்ராடஸ் என்னும் லத்தீன் பெயர்களைச் சூட்டினார். வானத்தை எட்டுப் பங்காக்கி, எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறதென்று கண்ணால் மதிப்பிடும் முறை பின்னர் வந்தது. ஆனால் இருவர் பார்த்தால் இரண்டு விடை வருவதுண்டு.

கண்ணாடிப் பந்தோ ஆளுக்கொரு விடை சொல்லாது. 1853-இல் ஜான் பிரான்சிஸ் காம்பெல் அதை மரக் கிண்ணத்தில் வைத்தார். குவிந்த ஒளி மரத்தையே சுட்டது. 1879-இல் ஸ்டோக்ஸ் என்னும் கணித மேதை உலோகக் கிண்ணமும் அட்டையும் அமைத்தார். அதிலும் குறையுண்டு. காலையிளம் வெயில், பனியில் நனைந்த அட்டையைச் சுடாது. துண்டு மேகங்கள் விரைந்தோடும் நாளிலோ, கணநேர வெயிலும் பெரிய வடுவாகி, இல்லாத வெயிலைக் கணக்கில் ஏற்றிவிடும். மேலும், அது நேரத்தைச் சொல்லுமேயன்றி வெப்பத்தின் அளவைச் சொல்லாது. அதை அறிய, கண்ணாடிக் கவிகையின் கீழ்க் கரிய தகடு வைத்த பைரனோமீட்டர் வேண்டியிருந்தது.

நம் நாட்டில் இவ்வளவைகளுக்கு வழி வகுத்தவர் அன்னா மணி. 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, சி. வி. ராமனிடம் வைரங்களை ஆராய்ந்தவர். 1948-இல் வானிலை இலாகாவில் சேர்ந்தார். அயல்நாட்டையே நம்பியிருந்த கருவிகளை இங்கேயே செய்வதற்காக, ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைச் சீர்ப்படுத்தினார். 1957-58-இல் நடந்த அனைத்துலகப் புவிபௌதிக ஆண்டில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார்.

இத்தகைய ஏடுகளைப் பின்னாளில் ஒப்பிட்ட விஞ்ஞானிகள் திகைத்தனர். 1950-களிலிருந்து 1980-கள் வரை, உலகின் பல பகுதிகளில் தரையை எட்டும் வெயில் குறைந்திருந்தது! கருவியின் பிழையென்றே பலர் ஐயுற்றனர். சூரியன் மங்கவில்லை, 1978 முதல் விண்ணிலிருந்து எடுத்துவரும் அளவுகள் அதற்குச் சான்று. புகையும் கந்தகத் துகளும், அவற்றால் மாறிய மேகங்களுமே முதற்காரணமென்று இன்று கருதப்படுகிறது. ஐரோப்பாவில் காற்று தூய்மையடைந்தபின் வெயில் மீண்டது; இந்தியாவில் மங்கல் அதன் பின்னரும் நீடித்தது.

செயற்கைக் கோள்கள் மேகத்தின் முதுகைத்தான் காண்கின்றன. அவற்றின் கணக்கைச் சரிபார்க்கத் தரையிலிருந்து எடுத்த பழைய அளவே துணை. இதை அறிந்தபின், நான் பயின்ற கல்லூரிக்குச் சென்று அந்த அட்டைகளைப் பற்றி விசாரித்தேன். தகரப் பெட்டியோடு பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். எத்தனை ஆண்டுகளின் வெயில் அதில் இருந்ததென்று எவரும் குறித்து வைக்கவில்லை.