லயத்துக்கு வராத வரித்துண்டு

போன வருஷம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பட்டணத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். மூன்று பேருமே தோட்டத்துப் பிள்ளைகள். குடிபோய் நாலு மாசம்கூட ஆகவில்லை, கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது. மூன்று வருஷத்து சோலைவரி பாக்கியாம். கட்டாவிட்டால் வீட்டிலுள்ள பொருட்களைக் கைப்பற்றுவோம் என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரர் கொழும்பில் இருக்கிறார். போன் எடுத்தால், "தம்பிமாரே, முன்னாடி இருந்தவங்க கட்டுறதாத்தானே பேச்சு" என்கிறார். முன்னாடி இருந்தவர்களும் எங்களைப் போல நாலைந்து பேர் பங்கு போட்டு இருந்தவர்கள்தான். ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது, இந்த வரி வீட்டுக்குச் சொந்தக்காரர் கட்ட வேண்டியது. வீட்டின் ஆண்டுப் பெறுமதியை மதிப்பிட்டு, அதில் இத்தனை வீதம் என்று விதிப்பார்கள். வருஷத்தில் நாலு தவணை. முழுசையும் ஜனவரி 31க்கு முதல் கட்டினால் 10 வீதம் கழிவு. பிந்தினால் பிடியாணைச் செலவும் சேரும். ஆனால் சட்டத்தில் ஒரு பழைய கொக்கி இருக்கிறது. பாக்கிக்காக அந்த வீட்டுக்குள் கிடக்கிற அசையும் பொருளை, அது யாருடையதாக இருந்தாலும், எடுக்கலாம். கடன் வீட்டுக்காரருடையது, போகப்போவது எங்கள் டீவி! (சிங்களத்தில் இந்த வரிக்குப் பெயர் 'வரிபனம்'. நம்முடைய 'வரிப்பண'மேதான். பேச்சில் மட்டும் நாம் சோலைவரி என்கிறோம்.)

கோபத்தில் இதை வீட்டில் சொன்னபோது, எங்களில் ஒருத்தரின் அம்மா சிரித்தார். "எங்க காம்பராவுக்கு இப்படி ஒரு துண்டு வந்ததே இல்லையேப்பா. வந்திருந்தா, எங்க ரோட்டைப் போடுங்கன்னு போய்க் கேட்டிருக்கலாம்ல."

அந்தப் பேச்சு எங்களைச் சும்மா இருக்க விடவில்லை. 'துண்டு' என்ற சொல்லே முதலில் உறுத்தியது. 1921 வரை தோட்டத்தில் துண்டு என்றால் கடன்சீட்டு. கங்காணி கொடுத்த முற்பணம், வழிச்செலவு, அரிசிக்கடன் எல்லாம் கூட்டாக ஒரு கும்பலின் தலையில் நிற்கும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று தொரை எழுதிக் கொடுப்பதுதான் துண்டு. அடுத்த தோட்டம் அதைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் ஆட்களோடேயே போகும். யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று தனித்தனியாகக் கேட்க முடியாத கடன் அது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

ஆக, கடன் எழுதும் காகிதத்தில் நம்மவர்கள் இருந்தார்கள். ஊர் வரி எழுதும் காகிதத்தில்தான் இல்லை. ஏன் என்பதுதான் கதை.

1871இல் பிரிட்டிஷ் அரசு பழைய கிராம சபைகளைச் சட்டத்தின் மூலம் மீண்டும் உயிர்ப்பித்தது. பாதை, கிணறு, சந்தை மாதிரியான ஊர் வேலைகளை ஊரே பார்த்துக்கொள்வதற்கான ஏற்பாடு. தோட்டம் அந்த ஊரில் சேர்த்தியில்லை. அது தொரையின் ராஜ்யம். 1937இல் கிராமக் குழுச் சட்டத்தைத் திருத்தியபோது விஷயம் வெளியே வெடித்தது. அப்போது உள்ளூராட்சி அமைச்சர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் அதுவரை இருந்த தடையை நீக்கினார்கள். தோட்டத்து இந்தியத் தொழிலாளிக்கு இருந்த தடை அப்படியே நின்றது. இந்தியத் தரப்பிலிருந்து பெரிய எதிர்ப்பு. முடிவில் என்ன செய்தார்கள் தெரியுமா? 'இந்திய' என்ற சொல்லை எடுத்துவிட்டு, எந்த இனமானாலும் தோட்டத்தில் குடியிருக்கிற தொழிலாளிக்கு வாக்கு இல்லை என்று மாற்றினார்கள். இனப் பாகுபாடு காகிதத்தில் காணாமல் போனது, தோட்டத்து ஆள் அதே இடத்தில் நின்றார். விலக்குவதற்குச் சொல்லப்பட்ட நியாயம் நமக்குப் பழகியதுதான்: இவர்கள் ஊர் வரி கட்டுவதில்லை, இவர்களைத் தோட்டம் பார்த்துக்கொள்கிறது.

லயம் யாருடையது? தோட்டத்துடையது. செக்ரோலில் பேர் இருக்கும்வரை காம்பரா, பேர் வெட்டினால் அதுவும் ஆட்டம் காணும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை இருந்தாலும் அதற்குச் சொந்தக்காரரும் இல்லை, வாடகைக்காரரும் இல்லை. கடிதம் வந்தால் தோட்ட ஆபீசுக்கு வரும். அப்படிப்பட்ட வீட்டுக்கு யார் வரி மதிப்பிடுவது?

1948இல் குடியுரிமைச் சட்டம், அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் கம்பனிகளுக்குப் போயின. தொரை மாறினார், லயத்தின் நிலைமை மாறவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்தைத்தான் நம்ம தலைமுறை தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதன் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவழிக்கத் தடையாகவே நடைமுறையில் நின்றது. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டத்து வாக்கில் ஜெயித்து உறுப்பினரானவர்கள், தவிசாளரானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தங்களுக்கு வாக்குப் போட்ட லயத்துப் பாதைக்கு ஒரு லோட் கல் கொட்டச் சட்டம் கைகொடுக்காது. தனியார் இடம், என்பார்கள். இத்தனைக்கும் அதே சட்டம் பயிர்செய்கிற காணிக்கு ஏக்கர் வரி விதிக்கச் சபைக்கு அதிகாரம் கொடுக்கிறது. தேயிலைச்செடி நிற்கும் மண்ணை வரிக் கணக்கில் சேர்க்கலாம், அந்தச் செடியில் கொழுந்தெடுப்பவரைச் சேவைக் கணக்கில் சேர்க்க முடியாது. வரி கட்டாதவர்கள் என்ற பேச்சு எவ்வளவு பொய் என்பதற்கு எங்களுக்கு இது போதும்.

இந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. தோட்டங்களுக்கும் சபைப் பணத்தில் வேலை செய்யலாம் என்றானது. 1987இலிருந்து எண்ணினால் 31 வருஷம். அதே வருஷத்துத் தேர்தலோடு, இரண்டு லட்சத்துக்கு மேல் சனம் இருந்த நுவரெலியா, அம்பகமுவ சபைகள் உடைந்து ஆறாயின. அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா புதிதாக வந்தன. சட்டம் மாறியதும் பணம் பொங்கிவிடவில்லை. தேயிலைக்கு நடுவே இருக்கிற சபைக்கு வரி வருமானம் எங்கிருந்து வரும்? பட்டணத்துக் கடைகள் நகரசபையின் எல்லைக்குள் இருக்கும்போது?

இப்போது 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே நாளைக்கு வரி மதிப்பிட ஆள் வந்தால் எரிச்சல்படுவதா, சந்தோஷப்படுவதா? எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நாட்கூலியில் ஓடும் வீட்டுக்கு இன்னொரு பில் எதற்கு என்கிறார் ஒருத்தர். பில் வரட்டும், உறுதியும் கையோடு வரட்டும் என்கிறார் மற்றவர். அம்மாவிடம் கேட்டோம். "பில்லுல யார் பேரைப் போடுவாங்க?" என்று மட்டும் திருப்பிக் கேட்டார்.

எங்கள் பாக்கியைப் பற்றிச் சொல்லவில்லையே. வீட்டுக்காரரோடு நாலு தடவை போனில் வாதாடி, நாங்கள் கட்டி வாடகையில் கழித்துக்கொள்வது என்று ஒத்துக்கொண்டோம். வட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்ப வைத்தோம். மூன்று பங்காகப் போட்டுக் கட்டினோம். பற்றுச்சீட்டு வீட்டுக்காரர் பேரில்தான் வந்தது. மூன்று பேரும் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறோம். இன்னும் இரண்டு மாசக் கழிவு பாக்கி இருக்கிறது.