பேமிலி ரூம்

கோயமுத்தூர்க்காரர்கள் தம் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு சாப்பாட்டில்தான் போய் நிற்கும். உடுப்பி ஹோட்டல், பாலக்காட்டார் மெஸ், மிலிட்டரி ஹோட்டல், பிரியாணிக் கடை, வடநாட்டு மிட்டாய்க் கடை என்று ஊரில் கலந்திருக்கும் மக்களை இலையிலேயே காட்டிவிடுவார்கள். அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் யார் என்ற கேள்வி மட்டும் அந்தப் பேச்சில் வருவதில்லை.

இங்கே 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. ஷிப்டு விடும் நேரத்தை நம்பி மில் வாசல்களில் டீக்கடைகள் முளைத்தன. ஆண்கள் அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள், சங்கம் பேசினார்கள். மில்லில் பெண்களும் இருந்தார்கள். ரீலிங்கில் வேலை பார்த்த என் அம்மிச்சி தூக்குப்போசியில் கொண்டுபோன சோற்றை மரத்தடியில் உண்டு திரும்பியவர். தினமும் கடந்துபோன அந்த டீக்கடை பெஞ்சில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. விடியுமுன் எழுந்து வீட்டுத் திண்ணையில் இட்லி சுட்டு மில்காரர்களின் பசியாற்றியவர்களும் பெண்கள்தாம். ஆனால் ஹோட்டல்களின் வரலாற்றில் முதலாளிகளின் பெயர்களே இருக்கின்றன.

தமிழகத்தில் உணவகம் சமத்துவத்துக்கான போர்க்களமாகவும் இருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் என்ற வழக்கம் 1941இல் ஒழிந்தது. பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்து 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியார் மறியல் நடத்தினார். அதற்கு முன்பே, 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக உணவகத்துக்குள் யாரையும் தடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. சாதியை நாம் சரியாகவே உரக்கப் படித்தோம். அதை அடுத்து நிற்கும் ‘பால்’ என்ற சொல்லைக் கடந்துவிட்டோம்.

பெண்ணை யாரும் வாசலில் தடுக்கவில்லை, உண்மைதான். உள்ளே போனதும் ‘பேமிலி ரூம்’ என்று திரை போட்ட ஒரு மூலையைக் காட்டினார்கள். முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த நாட்களில், ஒரு மதியம் நான் தனியாக முன்மேசையில் உட்கார்ந்தேன். “பேமிலி ரூமுக்குப் போயிருங்கம்மா” என்றார் பரிமாறுபவர். என்னுடன் குடும்பம் யாரும் இல்லை. கையில் ஒரு புத்தகமும் பசியும் மட்டுமே இருந்தன. முறைக்கும் கண்களிலிருந்து காப்பாற்றத்தான் அந்தத் திரை என்பார்கள். முறைக்கிறவர் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்க, முறைக்கப்படுகிறவர் எதற்காகத் திரைக்குப் பின்னால் போக வேண்டும்?

அந்தத் திரையும் எல்லாப் பெண்களுக்கும் கிடைத்ததல்ல. கொங்குக் கிராமங்களின் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. தலித் பெண்ணுக்குப் பெஞ்சும் இல்லை, மறைப்பும் இல்லை. 2018இல் அவிநாசி அருகே, அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்து நின்றார்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நூற்பாலைகளுக்கு அழைத்துவரப்பட்ட இளம்பெண்கள் மில் விடுதிக்குள்ளேயே உண்டு உறங்கினார்கள். சம்பாதித்த காசில் ஒரு தோசை தின்னக்கூட வார்டனின் அனுமதி வேண்டியிருந்தது.

அம்மிச்சிக்கு எழுபது வயதானபோது அவரை ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப்போனேன். முன்மேசையில் நாற்காலியை இழுத்துப் போட்டதும் தயங்கி நின்றார்.

“இங்க உக்காந்தா ஆராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களா கண்ணு?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, உக்காருங்க அம்மிச்சி” என்றேன். உட்கார்ந்தார். பில் வந்தபோது சுருக்குப்பையை அவிழ்த்து, “நாங் குடுக்கறேன்” என்றார். நான் தடுக்கவில்லை.