மண்வெட்டிப் பிடியின் வரலாறு

வரலாற்றுப் புத்தகங்களில் வாளும் வேலும் நிறைய வரும். மண்வெட்டி வராது. ஆனால் சோழ நாடு சோறுடைத்து என்று பெயர் வாங்கியது வாளால் அல்ல, மண்வெட்டியால்தான். அதிலும் மண்வெட்டியின் இரும்புத் தகட்டைப் பற்றியாவது யாராவது எங்காவது எழுதியிருப்பார்கள். அதன் மரப் பிடியைப் பற்றி யார் எழுதினார்கள்? இந்தக் கட்டுரை அந்தப் பிடியைப் பற்றியது.

முதலில் ஒரு சுவையான செய்தி. 'மண்வெட்டி' பேச்சு வழக்கில் மம்முட்டி, மம்பட்டி என்று ஆனது நமக்குத் தெரியும். இந்தப் பேச்சு வடிவம்தான் ஆங்கிலத்துக்கும் போனது. 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியில் 'மமூட்டி' என்ற சொல் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இன்றைக்கும் பொறியாளர்கள் எழுதும் ஆங்கில ஆவணங்களில் அதே சொல்தான். கட்டுமரம், கறி போல ஆங்கிலேயர் நம்மிடம் கடன் வாங்கிய இன்னொரு சொல் இது.

கமலாலயத்தில் ஒரு மண்வெட்டி

திருவாரூரில் "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்று ஒரு சொல்வழக்கு உண்டு. ஒரு வேலி என்பது சுமார் 6.67 ஏக்கர். அப்படியானால் கமலாலயக் குளம் மட்டும் ஏறக்குறைய 33 ஏக்கர். இவ்வளவு மண்ணும் மனிதக் கையால் வெட்டி, கூடையில் சுமந்து வெளியே கொட்டப்பட்ட மண்தான்.

இந்தக் குளத்தோடு சேர்ந்த ஒரு கதை பெரியபுராணத்தில் வருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய நூல் அது. தண்டியடிகள் என்ற நாயன்மார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். குளம் தூர்ந்து போவதை அறிந்து, தானே தோண்டி ஆழப்படுத்த முடிவு செய்தார். குளத்துக்குள் ஒரு கம்பம், கரையில் ஒரு கம்பம் நட்டு, இரண்டுக்கும் நடுவில் கயிறு கட்டினார். உள்ளே மண்ணை வெட்டுவார், கூடையில் நிரப்புவார், கயிற்றைத் தடவிக்கொண்டே கரைக்கு வந்து கொட்டுவார், மறுபடி கயிற்றைப் பிடித்து இறங்குவார். எதிர்த்தவர்கள் அவருடைய கருவிகளைப் பறித்ததாகவும், கடைசியில் அவருக்குப் பார்வை கிடைத்ததாகவும் கதை போகிறது.

பக்திக் கதையாகப் படித்தாலும் சரி, வெறும் கதையாகப் படித்தாலும் சரி, அதில் ஒரு உண்மை இருக்கிறது. கண் தெரியாத ஒருவருக்குத் தகடு எவ்வளவு ஆழம் இறங்கியது, கல்லில் பட்டதா, களிமண்ணில் பட்டதா என்பதைச் சொன்னது எது? பிடிதான். கண் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். தண்ணீருக்குள் நின்று வாய்க்கால் வெட்டும்போது அடியில் நடப்பது யாருக்கும் தெரியாது. உள்ளங்கைதான் பார்க்கிறது.

சட்டத்தில் வந்த வேலை

காவிரி டெல்டாவில் ஆறும் வாய்க்காலும் வருடா வருடம் வண்டல் படிந்து மேடாகும். தூர்வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. திருவாரூர் மாவட்டத்தின் பெரும்பகுதி கடைமடைப் பக்கம்தான். ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்த இந்தப் பராமரிப்பு வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1858-ல் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடைப்பை அடைக்க ஊர்க்காரர்களைக் கட்டாயமாக அழைக்கலாம். வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவரிடம் அந்த வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம் என்றது அந்தச் சட்டம். வேலை ஊருக்காக, ஆனால் மண்வெட்டியின் பாரம் எப்போதும் ஏதோ சிலருடைய தோளில்தான் இருந்தது.

1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு ஜூன் 12 தண்ணீர் திறக்கும் வழக்கமான நாளாக ஆனது. ஆகவே தூர்வாருவதும் வரப்பு வெட்டுவதும் அதற்கு முந்தைய கோடையில் முடிய வேண்டும். மண்வெட்டிக்குப் புதுப் பிடி போடுவதும் அந்தக் கோடையில்தான். இதற்குப் பின்னால் ஒரு அறிவியலும் இருக்கிறது.

பிடி போடுவது எப்படி?

தகடு கொல்லர் பட்டறையில் அடித்தது. பிற்காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஆனால் பிடி வீட்டில் போடுவது. தகடு தேய்ந்து பாதியாகும் முன்பே பிடி பலமுறை மாறிவிடும்.

பிடி உடைந்தால் துளைக்குள் ஒரு துண்டு மாட்டிக்கொள்ளும். அவசரக்காரர்கள் தகட்டை அப்படியே அடுப்பில் போட்டு அந்தத் துண்டை எரித்துவிடுவார்கள். அது தவறு. நெருப்பில் எஃகின் பதம் இறங்கிவிடும், பிறகு விளிம்பு சீக்கிரம் மழுங்கும். அடித்து வெளியே தள்ளுவதே நல்லது. எரித்தே ஆக வேண்டுமென்றால் விளிம்பை ஈர மண்ணில் புதைத்துவிட்டுத் துளைப் பக்கம் மட்டும் சுட வேண்டும்.

அடுத்தது மரம். நாட்டுக் கருவேலம் இதற்குப் பேர் போனது. ஏர், வண்டிச் சக்கரம் எல்லாம் அதில்தான் செய்தார்கள். அடி வாங்கினாலும் சட்டென்று உடையாது. கிளை நேராக இருக்க வேண்டும், முடிச்சு இருக்கக் கூடாது. பச்சை மரத்தை உடனே மாட்டினால் காய்ந்ததும் சுருங்கி ஆட்டம் கொடுக்கும். அதனால் பட்டையை உரித்து நிழலில் காயப்போட வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

காய்ந்த கொம்பின் ஒரு முனையைத் துளையின் அளவுக்குச் செதுக்கி, அடித்து இறக்கி, இடுக்கில் ஒரு மர ஆப்பு வைப்பார்கள். ஆப்பை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தகட்டின் சாய்வு மாறும். ஆழமாக வெட்ட ஒரு சாய்வு, மேலாக வழித்து எடுக்க ஒரு சாய்வு. கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கி எண்ணெய் தடவ வேண்டும்.

இப்போது அந்த அறிவியல். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். கோடையில், மரம் நன்றாகச் சுருங்கியிருக்கும்போது மாட்டினால், தண்ணீர் வந்ததும் உப்பித் துளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மாட்டினால் கோடையில் கழன்று விழும். ஆட்டம் காணும் மண்வெட்டியை இரவு குளத்தில் ஊறப்போடுவதும் இதே தத்துவம்தான். ஆனால் அது தற்காலிக வைத்தியம். துளைக்குள் நசுங்கிய நார், காய்ந்ததும் முன்பைவிட அதிகமாகச் சுருங்கிவிடும். ஒழுங்கான வைத்தியம் புது ஆப்புதான்.

பிடியின் நீளம் யார் கையில்?

பிடியின் நீளம் சாதாரண விஷயம் என்று நினைக்கலாம். அமெரிக்காவில் அது நீதிமன்றம் வரை போனது. கலிஃபோர்னியாவின் பண்ணைகளில் கீரைக்கும் பீட்ரூட் வகைக்கும் களையெடுக்க, ஏறக்குறைய ஒரு அடி நீளப் பிடி கொண்ட களைக்கொத்தைக் கொடுத்தார்கள். நாள் முழுக்க இரண்டாக மடிந்து குனிந்தால்தான் வேலை செய்ய முடியும். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள். குட்டைப் பிடி இருந்தால் செடிக்குச் சேதம் வராது என்றார்கள் முதலாளிகள். தொழிலாளர்கள் வேறு ஒன்று சொன்னார்கள்: குட்டைப் பிடி இருந்தால் யார் நிமிர்ந்து நிற்கிறார் என்பது மேற்பார்வையாளருக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். முதுகெலும்பு கெட்டுப்போனதை மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். வழக்கு அம்மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1975-ல் அந்தக் கருவி தடை செய்யப்பட்டது. நீளப் பிடி வந்த பிறகும் பயிர் ஒன்றும் அழிந்துவிடவில்லை.

நம் டெல்டாவிலும் மண்வெட்டிப் பிடி நீளமானதல்ல. ஈரக் களிமண் கனமானது, நீளப் பிடியால் அதைத் தூக்கிப் போடுவது கடினம். குனிந்துதான் ஆக வேண்டும். ஆனால் இங்கே குனிந்தவர்களுக்கு முதுகுவலியைவிடப் பெரிய துன்பங்கள் இருந்தன. பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த ஊர்கள் இவை. கர்நாடகத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ் போன்றவர்கள் விவசாயச் சங்கம் கட்டினார்கள். 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் அந்தத் தண்டனைகள் கூடாது என்று எழுத்தில் வந்தது. 1952-ல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-ல் மறைந்த சீனிவாசராவின் நினைவிடம் இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது.

நிலம் அவர்களுடையதல்ல, நெல்லும் அவர்களுடையதல்ல. ஆனால் மண்வெட்டியைப் பிடித்தவரின் உயரத்துக்கும் உள்ளங்கைக்கும் தகுந்தபடி செதுக்கப்பட்ட அந்தப் பிடி, வேறு யாருக்கும் சரியாகப் பொருந்தாது. அடுத்தவர் மண்வெட்டியில் வேலை செய்தால் கை கொப்பளிக்கும் என்று சொல்வது சும்மா இல்லை.

இன்றைக்கு

இப்போது ஆற்றைத் தூர்வாருவது பொக்லைன் இயந்திரம். அறுவடைக்கு வண்டி வந்துவிட்டது. கடைகளில் இரும்புக் குழாய்ப் பிடி போட்ட மண்வெட்டியும் கிடைக்கிறது. உடையாது, ஆப்பு வேண்டாம். ஆனால் வெயிலில் சுடும், கல்லில் பட்டால் அதிர்வு நேராகக் கைக்கு ஏறும். மரம் அந்த அதிர்ச்சியைக் கொஞ்சம் தானே வாங்கிக்கொள்ளும்.

உலகம் முழுக்க இதே கதைதான். பணக்காரர்களின் கோல்ஃப் மட்டையிலும் கைப்பிடித் தோல்தான் முதலில் தேயும். ஒரு காலத்தில் தோல் வார் சுற்றினார்கள், பிறகு ரப்பர் உறை வந்தது. தேய்ந்தால் உறையைக் கிழித்து வீட்டிலேயே புதிது மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கிரிக்கெட் மட்டைக்கு உறை மாற்றாத பையன் யார்? தேய்ந்த பிடியோடு விளையாடினால் ஆட்டம்தான் கெடும். தேய்ந்த பிடியோடு மண் வெட்டினால் அன்றைய கூலியே கெடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இயந்திரம் நுழைய முடியாத வயல் மூலையில், மடை திறக்கும் இடத்தில், வரப்பு ஓரத்தில் இன்றைக்கும் மண்வெட்டிதான். அடுத்த முறை ஒரு பழைய மண்வெட்டியைப் பார்த்தால் அதன் பிடியைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். இரண்டு இடத்தில் மட்டும் மரம் குழிந்து பளபளவென்று இருக்கும். அது ஒரு மனிதருடைய இரண்டு கைகள் இருந்த இடம். கல்வெட்டில் வராத பெயர் அங்கேதான் இருக்கிறது.