சளிப் புரதங்கள்: சுவர் சுரப்பதும் ரத்தம் தருவதும்

சளி என்றாலே நமக்கு நோய் நினைவுதான். ஆனால் நலமாக இருப்பவரின் மூச்சுக்குழாயிலும் அது மெல்லிய படலமாக ஊறி, நுண்முடிகளால் மேலே தள்ளப்பட்டு, தெரியாமலே விழுங்கப்படுகிறது. அதில் சுமார் 97 சதவீதம் தண்ணீர். மீதியில் இருக்கும் புரதங்களுக்கு இரண்டு பிறப்பிடங்கள்: குழாயின் சுவர், ரத்தம்.

சளிக்குப் பிசுபிசுப்பைத் தரும் மியூசின்கள் சுவரின் சரக்கு. நலமானவரிடம் முதன்மையானது மியூக்-5பி. பெரிய குழாய்களில் அடியிலுள்ள சுரப்பிகளும், சிறு குழாய்களில் மேற்பரப்புச் செல்களும் அதைச் சுரக்கின்றன. கூட இருக்கும் மியூக்-5ஏசி, கோப்பை வடிவச் செல்களின் உற்பத்தி. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922இல் அறிவித்த லைசோசைமும் இந்தச் சுரப்பிகளில் உருவாவதே.

ஆல்புமின், டிரான்ஸ்பெரின் ஆகியவை பெரும்பாலும் கல்லீரலில் பிறந்து, ரத்தத்திலிருந்து கசிந்து வருபவை. ஆல்புமின் கூடினால் அழற்சி என்று சந்தேகிப்பார்கள். அதற்காக ரத்தத்திலிருந்து வருவதையெல்லாம் கலப்படமாக எண்ணுவது சரியல்ல என்பேன்.

காரணம், ஒரே வேலைக்கு இரு தரப்பும் ஆள் அனுப்புகின்றன. கிருமியைத் தாக்க வரும் வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியை உமிழும். கட்டுப்படுத்தாவிட்டால் அது நுரையீரலையே அரிக்கும். அதை அடக்க மூச்சுக்குழாய்ச் சுவர் எஸ்.எல்.பி.ஐ. என்ற சிறு புரதத்தைச் சுரக்கிறது. கல்லீரலிலிருந்து வருவது ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின். பெரிய குழாய்களில் முன்னதன் கை ஓங்கியிருக்கிறது. காற்று நுண்ணறைகளில் பின்னதன் கை. 1963இல் சுவீடனில் லாரெல், எரிக்சன் இருவரும் இந்த இரண்டாவது புரதம் குறைந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் சிலருக்கு இள வயதிலேயே நுண்ணறைச் சுவர்கள் சிதைந்து எம்பைசீமா வந்திருந்தது. உள்ளூர்ப் புரதம் இருந்தும் அங்கே ஈடுகொடுக்கவில்லை. இக்குறைபாட்டின் கடுமையான வகையில், தவறாக மடிந்த புரதம் கல்லீரல் செல்லுக்குள்ளேயே தேங்கிவிடுகிறது.

இந்தப் பிரிவினைக்குள் எளிதில் அடங்காதது ஐஜிஏ என்னும் எதிர்ப்புப் புரதம். அதைத் தயாரிக்கும் பிளாஸ்மா செல்கள் சுவருக்குள் குடியேறியவை. மேற்பரப்புச் செல்கள் ஓர் ஏற்பியால் அதைப் பற்றி உள்ளிருந்து வெளியே கடத்துகின்றன. கடத்தி முடிந்ததும் ஏற்பி வெட்டுப்பட, அதன் ஒரு துண்டு ஐஜிஏயோடு ஒட்டியபடியே சளியில் சேர்கிறது. ரத்தத்திலிருந்து நேராகக் கசிந்த ஐஜிஏயில் அந்தத் துண்டு இருக்காது. ஆய்வகத்தில் இரண்டையும் பிரித்தறிய அது போதும்.