தலையெழுத்தை எழுதியது யார்?

வலக்கை விழுந்தது, வாய் குழறிற்று, பெற்ற மகனின் பெயரும் நினைவுக்கு வரவில்லை. உடனே ஊர் கூறுகிறது, "தலையெழுத்து!" என்று. மூளையின் குருதிக்குழாய் அடைபட்டோ வெடித்தோ வந்த பக்கவாதம், பிரமன் கணக்கில் சேர்க்கப்படுகிறது!

ஆராய்ந்தோர் கண்டது வேறு. 1861இல் பாரிசில் பால் புரோக்கா என்னும் மருத்துவர், பேச்சிழந்து மாண்ட ஒருவரின் மூளையைத் திறந்து பார்த்தார். இடப்புற முன்பகுதி சிதைந்திருந்தது. நாவைக் கட்டியது தெய்வமன்று; மூளையின் சிதைவே.

1988இல் வெளிவந்த ஆய்வில் ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர், இறந்த முதியோரின் மூளைகளை ஆராய்ந்தனர். மறதிநோயின் தடயங்கள் மிகுந்திருந்தும் வாழ்நாளில் அறிவு மங்காதிருந்த சிலரைக் கண்டனர். சிதைவு ஒன்றாயிருந்தும் விளைவு வேறானது ஏன்? மூளைக்கும் சேமிப்பு உண்டு, கல்வி அதனைப் பெருக்கும் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. பாலம் உடைந்தால், பல வழி அறிந்தவன் மாற்றுவழியில் ஊர் சேர்வான் அன்றோ?

2016இல் வெளிவந்த ஐதராபாத் ஆய்வு, பக்கவாதம் கண்ட 608 பேரைப் பற்றியது. சிந்தனைத் திறன் குன்றாதிருந்தோர், இருமொழி அறிந்தவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர். ஒருமொழியினருள் 20 பேரே. மனம் பெறும் பயிற்சி வீண்போவதில்லை.

கல்வி தாயத்தன்று. குருதியழுத்தம் பார்க்க வேண்டும். புகையிலையை விட வேண்டும். கற்றவருக்கும் நோய் வரும், நினைவு சரியும். ஆயினும், அடி விழும் நாளில் கையிருப்போடு நிற்பவரும் வெறுங்கையோடு நிற்பவரும் ஒன்றல்லர்.

வெறுங்கையராக்கியது யார்? புதுக்கோட்டை வரலாறு விடை கூறும். இங்குள்ள மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி சேர முயன்றபோது, பெண்ணுக்கு இடமா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் ஆணையே கதவைத் திறந்தது. அவர் 1912இல் மருத்துவரானார். ஏழைப் பெண்களுக்கோ அக்கதவு பல்லாண்டுகள் திறக்கவில்லை. 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபின்னரே, கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தையும் சைக்கிளையும் ஒருங்கே கற்றனர். 1992 மகளிர் நாளில் 1500க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் அணிவகுத்தனர்!

அதுவரை அவர்கள் எழுத்தறியாதிருந்தது பிரமனின் மறதியாலா? குலம் பார்த்தும் பால் பார்த்தும் பள்ளியை அடைத்த சமுதாயத்தாலன்றோ! பறித்தது வேலைவாய்ப்பை மட்டுமன்று. நோயுற்ற நாளில் நினைவைத் தாங்கும் வலுவையும் சேர்த்தே பறித்தது.

இளைஞனே, உன் தெருவில் பள்ளியை விட்டு நின்ற சிறுமி ஒருத்தி இருப்பாள். அவளை மீண்டும் வகுப்பில் அமர்த்து. தலையில் எழுத்து ஏறட்டும். தலையெழுத்து தானே அழியும்!