ஏரிக்கரைக்கு வராத சொற்பொழிவு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் என்றோர் ஊர் உண்டு. கோட்டை இன்று பெயரில்தான் நிற்கிறது. டச்சுக்காரர் 1613-ல் கட்டி முடித்த கெல்ட்ரியா கோட்டை, பழவேற்காட்டில் புதர் மூடிய மேடாய்க் கிடக்கிறது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். இங்கே கப்பலேறிய துணி கீழைத் தீவுகளில் வாசனைப் பொருள்களுக்கு மாற்றாயிற்று. மலாய் மக்கள் கட்டமிட்ட கைலியை இன்றும் 'பெலிக்காட்' என்கின்றனர். பழவேற்காட்டின் பெயரல்லவா அது! மலாயா சென்று திரும்பிய நம் பாட்டனார் உடுத்தியிருந்ததும் அதுதானே?

இவற்றை ஆராய்ந்து சொல்வோர் இல்லாமலில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1914-லேயே இந்திய வரலாற்றுக்கென எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பேராசிரியரானார். தென்னிந்தியாவைப் பற்றி அரபு நாட்டுப் புவியியலார் அறிந்திருந்தவற்றை முகம்மது ஹுஸைன் நயினார் தொகுத்தளித்த நூலை அப்பல்கலைக்கழகம் 1942-ல் வெளியிட்டது. பொதுச் சொற்பொழிவு என்றால் எவரும் போய்க் கேட்கலாம் என்பார்கள். ஆனால் 'பாடு' முறைப்படி தமக்கு வாய்த்த வலைநாளை விட்டுவிட்டு, கோட்டைக்குப்பத்து மீனவர் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் கடந்து சேப்பாக்கம் போவாரா? ஏரியில் வலை விடும் இடத்தை முறைவைத்துப் பகிரும் அந்தப் 'பாடு' வழக்கமே பேராசிரியர்கள் வந்து கேட்க வேண்டிய சரித்திரம்.

நம் வீடுகளிலோ, அரபுத் தமிழ்க் கிதாபுகளும் பழைய கிரயப் பத்திரங்களும் உப்புக் காற்றில் பொடிந்துகொண்டிருக்கின்றன. டச்சுக்காரர் எழுதிய ஏடுகளேனும் ஹாலந்தில் பத்திரமாயுள்ளன. நம்முடையவற்றைப் படித்துக் காட்ட ஆள் வருமுன் கரையான் வந்துவிடுகிறது.

ஆகவே, பல்கலைக்கழக வரலாற்றுத் துறையினர் ஆண்டுக்கொரு பயிலரங்கைப் பழவேற்காட்டிலேயே நடத்தட்டும் என்கிறோம். மண்டபம் வேண்டாம், ஓலைக் கொட்டகை போதும். நாளை மட்டும் மீனவரைக் கேட்டுக் குறிக்கட்டும்; பெட்டிகளைத் திறந்து கொண்டுவருவது நம் பொறுப்பு.